எட்டாம் ஊருக்கு ஒரு கோழி

ஜூன் 3, திங்கள்

இன்று அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. மாவட்டத் தலைவர் ஓடினார். மாவட்டம் தொடங்கி இருபது வருஷம் ஆகிறதாம். டிசம்பரில் விழா, அதற்குள் ஒரு புத்தகம் வேண்டுமாம். 'நாம்லென் மாவட்டம்: நிலம், வரலாறு, மக்கள்.' எழுத வேண்டியது பண்பாட்டுப் பிரிவு. பண்பாட்டுப் பிரிவில் மொத்தம் ஒரு நாற்காலி, அதில் நான்.

"நூறு பக்கம் போதும் புவாவன். பாதிக்குப் படம் போட்டுக்கலாம்" என்றார் புன்லியாங் தலைவர். "யார் மனசும் நோகக் கூடாது. அதே சமயம் உண்மையாவும் இருக்கணும்."

இரண்டில் எது முக்கியம் என்று கேட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நிலத்தில் தொடங்கினேன். முதல் வரியிலேயே சண்டை. லாவோஸின் வடக்கு எல்லையில் ஓடும் இந்த ஆற்றுக்குத் தாழ்நில லூ இனத்தார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மலையில் வாழும் எங்கள் க்மூ இனத்தார் இன்னொன்று, மோங் இனத்தார், ஆக்கா இனத்தார் ஆளுக்கொன்று. அக்கரைச் சீனர்களுடையது ஐந்தாவது. விசாரித்துப் பார்த்தால் பாதிப் பெயர்களுக்கு அர்த்தம் 'தண்ணீர்'. மீதிப் பாதிக்கு 'பெரிய தண்ணீர்'.

பரப்பளவு அதைவிட மோசம். ஒவ்வொரு மழைக்கும் ஆறு நம் கரையைத் தின்கிறது. போன வருஷம் ஒரு மக்காச்சோளக் காடு முழுதாகச் சீனாவுக்குப் போய்விட்டது. விதைத்தது நம்மாள், அறுத்தது அவர்கள். 'மழைக்கு முன் இவ்வளவு, மழைக்குப் பின் இவ்வளவு' என்று இரண்டு கணக்கு எழுதினேன். தலைவர் இரண்டாவதை அடித்துவிட்டார்.

"நாடு குறையாது புவாவன். ஆறுதான் நகருது."

ஜூன் 20, வியாழன்

வரலாறு. யார் முதலில் வந்தது?

லூக்காரர்களின் கோயில் கமிட்டி: "அறுநூறு வருஷத்துக்கு முந்தி நாங்க வந்தப்போ இங்க ஒரு ஈ காக்கா கிடையாது."

க்மூ ஊர்ப் பெரியவர்கள்: "ஆமாமா. அவங்க வந்து 'இங்க யாருமே இல்ல'ன்னு சொன்னப்போ நாங்க பக்கத்துலதான் நின்னு பாத்துட்டிருந்தோம்."

மோங் சங்கத் தலைவர்: "யாரு முதல்லங்கறத விடுங்க. யாரு உசரத்துல இருக்கறது? அதை எழுதுங்க."

எங்கள் ஜீப் ஓட்டுநர் கோசா, ஆக்கா இனம். அவர்களில் அப்பன் பெயரின் கடைசி எழுத்தில்தான் மகன் பெயர் தொடங்கும். அப்பா லோகோ, இவன் கோசா, இவன் மகன் சாபே. இப்படியே பின்னால் ஐம்பத்து நான்கு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தான். எல்லாப் பெயரும் புத்தகத்தில் வர வேண்டுமாம்.

"இடம் இருக்காதுடா."

"அப்ப யாரை விடறது டீச்சர்? நீங்களே சொல்லுங்க. ஒருத்தரை எடுத்தா நான் பொறக்கவே மாட்டேன்."

முன்னே பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்பதால் இன்னும் டீச்சர்தான் அவனுக்கு. அந்த மரியாதையை மனதில் வைத்து ஐம்பத்து நான்கையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

'மக்கள்' பகுதிக்காக ஊர்ப் பட்டியலை எடுத்தேன். கூடவே மாகாணத்திலிருந்து வந்த கடிதமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

மேற்கு மலையில் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்ட ஏழு ஊர். அதன் கீழே தனியாக: 'காலி செய்யப்பட்டவை: பான் காவ்.' பான் என்றால் ஊர், காவ் என்றால் பழையது. பழைய ஊர். என் அம்மாவின் ஊர்.

இருபது வருஷத்துக்கு முன் மாவட்டம் பிறந்ததும் அது செய்த முதல் காரியம், பான் காவ் மக்களைச் சாலையோரத்தில் 'புதிய ஊர்' ஒன்று கட்டி இறக்கியது. தாழ்நிலக் காய்ச்சலில் முதல் மழைக்கே பத்தொன்பது பேர் போனார்கள். அதில் அம்மா ஒருத்தி. மிச்சப் பேர் சட்டி பானையைச் சுருட்டிக்கொண்டு மேலேயே ஏறிவிட்டார்கள். காகிதம் மட்டும் ஏறவில்லை. ஆகவே காகிதத்தில் புதிய ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், நேரில் ஒருவருமில்லை. பழைய ஊரில் காகிதத்தில் ஒருவருமில்லை. நேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

கடிதம் சொல்வது: 'காலி செய்யப்பட்ட இடங்களில் புகை தெரிவதாகத் தகவல். வறண்ட பருவத்துக்குள் அப்படிப்பட்டவர்கள் இறக்கப்பட வேண்டும். வீடுகள் அகற்றப்பட வேண்டும்.'

அப்படிப்பட்டவர்கள். என் சித்தி அப்படிப்பட்டவள்.

ஜூலை 9, செவ்வாய்

கோசாவின் ஜீப்பில் பாதி, காலால் பாதி ஏறி வேங் சித்தியைப் பார்த்தேன். அம்மாவின் தங்கை. கடிதத்தைச் சொன்னேன். மூங்கில் குருத்தைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"எங்கள இறக்கறதுக்கு அவங்க மேல ஏறி வரணும்ல? வரட்டும். பாதி வழியில மூச்சு வாங்கும்."

"விளையாட்டில்ல சித்தி. காகிதத்துல இந்த ஊரே இல்ல."

"காகிதம் எப்பவாவது எங்க ஊருக்கு வந்திருக்கா? வந்து பாத்துட்டு இல்லன்னு சொன்னா சரி."

பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தரம் இறங்கச் சொன்னா நான் இறங்க மாட்டேன்டி. உங்கம்மா கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனவ நான்தான். 'வா அக்கா, கீழ விளக்கு இருக்காம், பள்ளிக்கூடம் இருக்காம்'னு."

இதை இருபது வருஷத்தில் இன்றுதான் சொல்கிறாள். ஜாடிச் சாராயத்தில் இரண்டு குழல் போட்டு இருவரும் குடித்தோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தலைவரிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

"அந்த ஊரைப் பட்டியல்ல சேர்த்துடுங்க."

"பழைய ஊர்னு பேர்லயே இருக்கே புவாவன். பழைய ஊர்னா ஆள் போயாச்சுன்னு அர்த்தம். ஆள் இருந்தா அது பழைய ஊர் இல்ல."

"சரி, பேரை மாத்தி புதிய ஊர்னு வச்சுடலாம்."

"புதிய ஊரா? அனுமதி இல்லாம மலையில புதிய ஊரா? அது குற்றம்!" உண்மையாகவே பயந்துபோய் எழுந்து கதவைச் சாத்தினார். மனுஷர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து வரும் காகிதம் என்றால் மட்டும் அவருக்கு முதுகெலும்பு இளகிவிடும்.

வெளியே வந்து கோசாவிடம் சொன்னேன். பழையது என்றால் ஆளில்லை, புதியது என்றால் அனுமதியில்லை.

"நடுத்தரமா ஒண்ணு வச்சுக்க முடியாதா டீச்சர்? கொஞ்சம் பழகுன ஊர்னு?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தாயிற்று. ஆற்றுக்கு அக்கரையில், சீனாவில். நம் மாவட்டத்தின் பெருமையை அச்சடிக்க நம் மாவட்டத்தில் அச்சகம் கிடையாது.

செப்டம்பர் 16, திங்கள்

திருத்துவதற்கு மெய்ப்பு வந்தது. அச்சகத்துக்கார யாங்கின் கணினிக்கு நம் லாவோ எழுத்து பிடிக்கவில்லை போல. எழுத்துகள் எல்லாம் வந்திருக்கின்றன. அவற்றின் தலைமேல் வந்து குரலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஒலிக்குறி ஒன்றுகூட வரவில்லை. குறி போனால் நம் மொழியில் என்ன மிஞ்சும்? காடு மீன் ஆகும். அத்தையும் மீன் ஆவாள். 'நம் மாவட்டத்தின் எழுபது விழுக்காடு அடர்ந்த மீன்' என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மோங் மக்களின் குதிரைப் பந்தயம் 'வா' பந்தயம் ஆகிவிட்டது.

போனில் யாங் அசரவில்லை. "தலையில ஏதோ தூசி மாதிரி இருந்துச்சு, துடைச்சுட்டேன். படிக்க இப்ப சுத்தமா இருக்குல்ல?"

தலைவர் ஆணை: புவாவன் பேனாவால் எல்லாக் குறியையும் போட வேண்டும். அதை அப்படியே படம் பிடித்து அச்சடிப்பார்கள். நூறு பக்கம். கண் பூத்துப்போகும்.

செப்டம்பர் 23, திங்கள்

எண்பத்தோராம் பக்கம். ஊர்ப் பட்டியல். பான் காவ்.

காவ். எழுத்தின் தலையில் ஒரு சின்ன நேர்கோடு போட்டால் 'பழைய'. அதே கோட்டைக் கொக்கியாக வளைத்துவிட்டால் 'ஒன்பது'.

எனக்கு ஒன்பது வயதில் தாழ்நிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். லூ வாத்தியார் வயது கேட்டார். காவ் என்றேன். க்மூ நாக்கில் இரண்டு காவும் ஒன்றுதான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "பாருங்கடா, இவ பழசாம்!" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பெயர் பழசு. அந்த ஒரு ஒலியைச் சரியாகச் சொல்ல வீட்டுக்குப் பின்னால் நின்று எத்தனை நாள் தொண்டையை வளைத்திருப்பேன்!

பேனா கையில் இருந்தது. வளைத்தேன். பழைய ஊர் ஒன்பதாம் ஊர் ஆயிற்று.

கூடவே 'காலி செய்யப்பட்டவை' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஏழு ஊர்' என்பதை 'ஒன்பது ஊர்' என்று திருத்தினேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் தலைவர். உள்ளே தலைவர். தலைவர் தன் படங்களை எல்லாம் பார்த்தார். எண்பத்தோராம் பக்கத்தில் அவர் படம் இல்லை, ஆகவே பார்க்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மாகாணத்திலிருந்து அதிகாரி விலைவோன் அம்மா வந்தார். கண்ணாடி, ஓட்டக் காலணி, கையில் நம் புத்தகம். எல்லாப் பக்கமும் படித்த ஒரே ஆள். பழைய ஊர்கள் காலியா என்று பார்க்க வந்திருக்கிறார். மலையில் எனக்கு முன்னால் ஏறினார். சித்தி சொன்ன மூச்சு வாங்கியது எங்கள் தலைவருக்குத்தான்.

பான் காவ் களத்தில் எல்லாரும் கூடி நின்றார்கள்.

"போன வருஷப் பட்டியல்ல இது பழைய ஊர். புத்தகத்துல ஒன்பதாம் ஊர். எது சரி?" என்றார் விலைவோன் அம்மா.

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் எண்பத்தோராம் பக்கம் அவருக்குத் தெரிந்தது. முகம் வெளுத்தது. தப்பு என்று சொன்னால் அட்டைப்படத்தில் இருப்பது அவர்.

"புத்தகம்தான் சரி" என்றார். "பழைய பட்டியல்ல ஒரு சின்ன... கோடு வளையாம போச்சு."

விலைவோன் அம்மா விடவில்லை. சித்தியிடம் திரும்பினார். "பெரியம்மா, உங்க ஊர் பேரைச் சொல்லுங்க."

"காவ்."

"ஒன்பதா? பழசா?"

"காவ்."

"இல்ல, குரலைக் கொஞ்சம் வளைச்சா ஒன்பது. நேரா இறக்குனா பழசு. நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"நான் காவ்னுதான் சொல்வேன்." சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "வளைக்கறது நிமித்தறது எல்லாம் உங்க வேலை. எங்களுக்கு ஊர் ஒண்ணுதான்."

விலைவோன் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி, பலகை போலத் தட்டையாக, "காவ்". என்னைப் பார்த்து வகுப்பே சிரித்த அதே ஒலி. எனக்கு அந்தக் களத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சமாளித்தேன்.

"சரி, ஒன்பதுன்னே வச்சுக்கலாம்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்தார். "ஏழு ஊர் பார்த்தாச்சு. இது ஒன்பது. எட்டு எங்க?"

ஒரு பன்றி மட்டும் பேசியது.

"மேலே" என்றார் தலைவர். கை தானாகப் பனிமூட்டத்தைக் காட்டியது. "இன்னும் மேலே. பாதை கிடையாது. அட்டைப்பூச்சி ஜாஸ்தி."

"எத்தனை பேர்?"

"தொண்ணூத்தாறு" என்றான் கோசா, பின்னாலிருந்து.

டிசம்பர் 2, திங்கள்

விழா. ஏழு பேச்சு. மைக் இரண்டு தடவை செத்தது, பேச்சு ஒரு தடவைகூடச் சாகவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

எட்டாம் ஊருக்கு நிலம், வரலாறு, மக்கள் எழுதி அனுப்பச் சொல்லி மாகாணம் கேட்டிருக்கிறது. இந்த வருஷம் நான் எழுதியதிலேயே சுலபமானது இதுதான். யார் மனசும் நோகவில்லை. யாரும் யாருக்கும் முந்தி வரவில்லை. ஆற்றுக்கு ஒரே பெயர்.

ஊர்த் தலைவர் பெயர் வேண்டியிருந்தது. கோசா தன் ஐம்பத்து நான்கு பேரில் இருபத்து மூன்றாமவரைக் கொடுத்தான். "சும்மாதானே இருக்கார் டீச்சர். வேலை செய்யட்டும்."

ஜனவரி 14, செவ்வாய்

எட்டாம் ஊருக்கு மாகாணப் பாராட்டுப் பத்திரம் வந்திருக்கிறது. வருஷம் முழுக்க ஒரு முறையீடும் இல்லாத ஒரே ஊராம்.

அதே உறையில் ஆணையும்: இந்தப் பருவத்தில் மாவட்டத்துக்கு ஓர் ஊராவது சாலையோரம் இறக்கப்பட்டாக வேண்டும். எட்டிலும் ஒன்பதிலும் எதுவென்று தலைவரே முடிவு செய்யலாம்.

தலைவர் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒன்பது என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? கொக்கியைத் திரும்ப நிமிர்த்தவா?

"எட்டாம் ஊர்க்காரங்க" என்றார் கடைசியில், "எதுக்கும் மறுப்பு சொல்றவங்க இல்ல. இல்லையா புவாவன்?"

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷருக்கு மனசாரக் கும்பிடு போட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எட்டாம் ஊர் இன்று இறங்கியது.

இடம்: சாலையோரப் புதிய ஊர், இருபது வருஷமாகக் காலியாகக் கிடக்கும் அதே வீடுகள். மாகாணத்துக்கு அனுப்பப் படம் வேண்டும். அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் மலை உடுப்பு போட்டு மூட்டையோடு நின்றோம். கணக்கர் ஒரு சேவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கோசா தன் இருபத்து மூன்றாம் பாட்டனாகத் தலைப்பாகை கட்டி, தலைவரிடமிருந்து மின்விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டான். விளக்குக்குக் கம்பி கிடையாது.

நான் அம்மாவின் கறுப்புச் சட்டையைப் போட்டிருந்தேன். படம் எடுப்பவர் "அக்கா, அந்த மூணாவது வீட்டு வாசல்ல நில்லுங்க, வெளிச்சம் நல்லாருக்கு" என்றார்.

மூன்றாவது வீடு. அம்மா படுத்திருந்த வீடு.

நின்றேன். "கொஞ்சம் சிரிங்க" என்றார். முடியவில்லை. பரவாயில்லை, ஊரை விட்டு வந்தவள் முகம் அப்படித்தானே இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாளை அது மாகாணச் செய்தியில் வருமாம். மனசு ஆறவே இல்லை. அம்மா, இந்தத் தடவை யாரும் வரவில்லை. சத்தியமாக யாரும் வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோசாவோடு மேலே போனேன். பான் காவுக்குக் கீழ் வளைவு வரை மின்கம்பம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் சிவப்பில் ஒன்பது என்று எழுதியிருக்கிறார்கள், கொக்கி எல்லாம் சரியாக.

சித்தி வாசலில் ஒரு கூடை விதைநெல்லும் கால் கட்டிய பெட்டைக் கோழி ஒன்றும் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"ரேடியோவுல சொன்னாங்க. எட்டாம் ஊர்க்காரங்களை இறக்கிட்டாங்களாமே. ஒரு வார்த்தை பேசாம இறங்கிட்டாங்களாம், பாவம். இதைக் கொண்டு போய்க் குடு. ஊர்ல எல்லாரும் ஆளுக்கொரு கை நெல்லு போட்டிருக்கோம். தண்ணிய காய்ச்சிக் குடிக்கச் சொல்லு. காய்ச்சல் வந்தா காத்திருக்க வேணாம், மேல ஏறி வந்துடச் சொல்லு. எடம் இருக்கு."

கோசா திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது, சிரிப்பு என்றுதான் நினைத்தேன், இல்லை.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவளிடமாவது.

"சித்தி, அப்படி ஒரு ஊரே இல்ல. நாங்களா எழுதுனது. அங்க யாருமே கிடையாது."

சித்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தால் அம்மா பார்ப்பாளே, அந்த மாதிரி.

"எங்களையும் இருபது வருஷமா அப்படித்தானடி சொன்னாங்க" என்றாள்.

கோழியை வாங்கிக்கொண்டேன்.